சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

வணக்கம் மக்களே. இப்போது மணி காலை 10:55. சென்னை விமான நிலையம், பன்னாட்டு முனையத்தின் வாசலில் நிற்கிறேன். பின்னால் கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரியில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 10:10. இந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்றைக்கு யாழ்ப்பாணம் போகிறேன். நேற்று ராத்திரி மதுரையிலிருந்து என் சித்தி போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னதும், "அவ்வளவு தூரம் எதுக்குடா போறே? லீவு இருந்தா மதுரைக்கு வந்துட்டுப் போயேன்" என்றார். அவர் சொன்னது எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாடு, பாஸ்போர்ட், கடல் தாண்டிப் போகிறோம், அதனால் தூரம். மதுரை நம்ம ஊர், அதனால் பக்கம். போனை வைத்த பிறகுதான் சும்மா வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்குச் சுமார் 400. தூத்துக்குடிக்கு 500-க்கும் மேலே. யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 355. அதாவது சென்னையில் இருக்கிற ஒருவருக்கு வான்வழியில் மதுரையை விட யாழ்ப்பாணம் கிட்ட. கோவையை விடக் கிட்ட.

இந்த 355 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இதற்கு எந்த இணையதளமும் வேண்டாம், பேனாவும் காகிதமும் போதும். சென்னை விமான நிலையம் இருப்பது வட அட்சரேகை 12.99 பாகையில். யாழ்ப்பாணத்தில் விமான நிலையம் இருக்கிற பலாலி 9.79 பாகையில். தீர்க்கரேகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 80.17-உம் 80.07-உம். அதாவது சென்னையிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேர் தெற்கே போனால் பலாலி. இப்படி நேர் வடக்கு தெற்காக இருக்கிற இரண்டு ஊருக்குக் கணக்கு ரொம்ப எளிது. 12.99-இலிருந்து 9.79-ஐக் கழித்தால் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். 3.2-ஐ 60-ஆல் பெருக்கினால் 192 கடல் மைல், அதை 1.852-ஆல் பெருக்கினால் 355 சொச்சம். முடிந்தது. பள்ளிக்கூடத்தில் உலக உருண்டையில் கோடு கோடாகப் பார்த்தோமே, அது இதற்கெல்லாம் உதவும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மதுரைக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. ஏனென்றால் மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன, ஆனால் மதுரை மேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கேயும் போக வேண்டும், மேற்கேயும் போக வேண்டும். சாய்வான கோடு, அதனால் நீளம். யாழ்ப்பாணத்துக்கு நேரே கீழே இறங்கினால் போதும்.

சரி, உள்ளே போகிறேன். செக்-இன், குடியேற்றச் சோதனை எல்லாம் இருக்கிறது, அங்கே படம் எடுக்க விட மாட்டார்கள். அந்தப் பக்கம் போய்ப் பேசுகிறேன்.

வந்துவிட்டேன். மணி 12:20. விமானம் 1:55-க்கு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருப்பதால் இந்த விமான நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசிவிடலாம், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் குழம்பிப் போகிறார்கள்.

இரண்டு ஊரின் பெயரைப் போட்டால் தூரமும் விமான நேரமும் சொல்கிற இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில் நான் போட்டபோது, போய்ச் சேர அரை மணி நேரத்துக்குள் ஆகும் என்று வந்தது. டிக்கெட்டிலோ ஒன்றே கால் மணி நேரம். எது சரி? இரண்டும் கணக்குதான், ஆனால் அந்தத் தளம் போட்ட கணக்கு இந்த வழிக்குப் பொருந்தாது. பொதுவாக அவை தூரத்தை 800, 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துச் சொல்லிவிடுகின்றன. அது ஏர்பஸ், போயிங் போன்ற ஜெட் விமானம் உச்சியில் பறக்கும்போது போகிற வேகம். யாழ்ப்பாணத்துக்குப் போவது ஜெட் கிடையாது. ஏடிஆர் 72, காற்றாடி விமானம். பலாலியின் ஓடுபாதை சிறியது, அதனால் இந்த வகை விமானம்தான் போய் வருகிறது. உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான்.

500-ஆல் வகுத்தாலும் 355 கிலோமீட்டருக்கு 43 நிமிடம்தானே, டிக்கெட்டில் ஏன் 75 நிமிடம் என்று அடுத்த கேள்வி வரும். டிக்கெட்டில் போடுவது பறக்கிற நேரம் இல்லை. நிற்கிற இடத்திலிருந்து சக்கரம் நகர ஆரம்பித்ததிலிருந்து, அந்த ஊரில் போய் வண்டி நிற்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம். இங்கே ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போக வேண்டும், முன்னால் இரண்டு மூன்று விமானம் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டும், மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது, இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துத்தான் வர வேண்டும். தூரம் அதிகமாக இருந்தால் இதெல்லாம் கரைந்துவிடும். பத்து மணி நேரம் பறக்கிற லண்டன் பயணத்தில் அரை மணி நேரம் யார் கண்ணுக்கும் தெரியாது. 43 நிமிடப் பயணத்தில் அரை மணி நேரம் என்பது பெரிய பங்கு.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தை விட 285 கிலோமீட்டர் கூட. ஆனால் அங்கே ஜெட் போகிறது, டிக்கெட்டில் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணிக்குள்தான் இருக்கும். அதாவது இவ்வளவு தூர வித்தியாசத்துக்கு, நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்லிவிட முடியாது மக்களே, எந்த விமானம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நேர வித்தியாசம் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் போய்ச் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும், அதனால் சிங்கப்பூர் போகிறவர்கள் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் உண்மையான பயண நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இலங்கைக்கு அந்தத் தொல்லை இல்லை, நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் இப்போது ஒன்று. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதே வருடம் அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்தக் காலம் முழுக்கப் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம். ஓமந்தையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய நிலைமை. இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

கூப்பிடுகிறார்கள். பேருந்தில் ஏற்றி விமானத்துக்கு அழைத்துப் போவார்கள்.

இதோ, இதுதான். ஏடிஆர் 72-இல் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும், முன்பக்கம் சாமான் அறை. காற்றாடியைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இதழ். உள்ளே எழுபது சொச்சம் பேர் உட்காரலாம், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு, நடு இருக்கை என்ற பேச்சே இல்லை. எனக்கு வலது பக்க ஜன்னல். தெற்கே போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் நம் கரை தெரியும், வேண்டுமென்றே கேட்டு வாங்கினேன். இனி நேரங்களைக் குறித்துக்கொண்டே வருகிறேன்.

நகர ஆரம்பித்தது 2:02-க்கு. தரையை விட்டு எழும்பியது 2:18.

இப்போது 2:35. எஞ்சின் இரைச்சல் இருக்கிறது, நான் சொல்வது கேட்கும் என்று நம்புகிறேன். கீழே பாருங்கள், கரையோரம் வெள்ளையாக நுரைக் கோடு, அதற்குள்ளே உப்பங்கழி. போன் விமானப் பயன்முறையில் இருந்தாலும் ஜன்னலோரம் பிடித்தால் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. தரை வேகம் 480-க்கும் 490-க்கும் நடுவில் காட்டுகிறது. இந்த உயரத்தில் ஜெட் மாதிரி மேகத்துக்கு எங்கோ மேலே இல்லை, அதனால் படகுகள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

ஒன்று கவனித்தீர்களா? ஆரம்பத்தில் கரை நம் பக்கத்திலேயே இருந்தது, இப்போது மெல்ல மெல்ல விலகி மேற்கே வளைந்து போகிறது. நாம் நேராகப் போகிறோம், கரைதான் வளைகிறது. புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று போய், அதோ மங்கலாக மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடம் கோடியக்கரைப் பக்கமாக இருக்க வேண்டும். அந்த முனையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரைக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்சம் போனால் அவ்வளவுதான் தூரம்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. எழுபது வயது இருக்கும், சொந்த ஊர் தெல்லிப்பழை. முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொன்னார், பேசியதைச் சொல்லலாம் என்றார். 1990-இல் அந்தப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, குடும்பத்தோடு படகில் இந்தக் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தவர். நான் இந்த நேரக் கணக்கையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டு, "தம்பி, நாங்கள் வரேக்க ஒரு இரவு முழுக்கப் போச்சு. பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டுதான் வந்தனாங்கள்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது ஜன்னல் பக்கம் என் இருக்கையில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார், கரை தெரிகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

நிலம் தெரிகிறது! செம்மண், நடுவில் பச்சைக் கட்டம் கட்டமாகத் தோட்டம், எங்கே பார்த்தாலும் பனை. சக்கரம் தரையில் பட்டது 3:09. வண்டி நின்றது 3:14.

ஆக, காற்றில் இருந்தது 51 நிமிடம். நகர ஆரம்பித்ததிலிருந்து நிற்கிற வரைக்கும் 72 நிமிடம். டிக்கெட்டில் 75. கணக்கு சரியாகவே இருக்கிறது.

வெளியே வந்துவிட்டேன், மணி 3:50. சின்ன நிலையம்தான், ஒரே ஒரு விமானத்துக் கூட்டம், ஆனாலும் கடவுச்சீட்டு, சாமான் சோதனை எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது. இங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் இன்னும் 17 கிலோமீட்டர் போல. ஆட்டோ பேசிவிட்டேன், போய்க்கொண்டே மிச்சத்தைச் சொல்கிறேன்.

இந்த நிலையத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டிய தளம் இது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, அந்த டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, அப்புறம் சென்னைக்குப் போனது. அப்போது இதற்குக் காங்கேசன்துறை விமான நிலையம் என்று பெயர். அந்த நாட்டின் முதல் விமான நிறுவனத்தின் முதல் வழியே யாழ்ப்பாணம், சென்னை வழிதான். பிறகு போர் வந்தது, இந்த இடம் ராணுவத் தளமானது, சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின, சென்னை வழி பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறந்து, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பித்தது. நாலே மாதம், கொரோனா வந்து நின்றுபோனது. மறுபடியும் வந்தது 2022 டிசம்பரில். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

இந்த விமானம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். சென்னையிலிருந்து 640 கிலோமீட்டர் பறந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வர வேண்டும். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், 355 கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு! ரயிலும் போரில் சிதைந்துபோய் 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓடியது. வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள், சாவு வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பியவர்கள், அவர்களுக்கெல்லாம் அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பலும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், சுமார் 111 கிலோமீட்டர், நாலு மணி நேரம் போல ஆகும். 2023 அக்டோபரில் ஆரம்பித்து, விட்டு விட்டு நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். டெல்டா பக்கம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. சென்னைக்காரர்களுக்கு நாகப்பட்டினம் போகவே ஒரு ராத்திரி வேண்டும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டோம். மணி 4:25.

இப்போது அந்த 10:10-ஐ எடுங்கள். வேளச்சேரி வீட்டு வாசலிலிருந்து யாழ்ப்பாணம் நகரம் வரைக்கும் 6 மணி 15 நிமிடம். அதில் காற்றில் இருந்தது 51 நிமிடம் மட்டும். எழும்பூரிலிருந்து மதுரைக்கு தேஜஸ் ரயிலும் ஏறக்குறைய இதே ஆறே கால் மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு நேரம் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்துக்குப் போவது, வீட்டிலிருந்து அங்கே போகிற நேரம், இந்தப் பக்கம் சோதனை, அப்புறம் ஊருக்குள் போவது, இத்தனையும் சேர்த்துப் போட்டுத்தான் திட்டம் போட வேண்டும். மழைக்காலத்தில் மேகம் தாழ இறங்கிவிட்டால் தாமதமும் ஆகலாம், அதனால் மறுநாள் காலை வேலை என்றால் முதல் நாளே வந்துவிடுங்கள். விமானம் கிளம்பும் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு முறை சரிபாருங்கள்.

அடிக்கடி பறந்தால், கட்டணம் கொஞ்சம் இறங்கினால், ஓடுபாதை நீண்டு பெரிய விமானமும் வந்தால், இந்த ஆறே கால் மணி நேரம் இன்னும் குறையும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. இன்றைக்கு விமானத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எல்லா இருக்கையும் நிறைய வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிற குடும்பங்கள் இவ்வளவு இருக்கின்றன, இந்த வழி மறுபடியும் அடைபட்டுவிடக் கூடாது.

தெல்லிப்பழை அம்மாவைக் கூப்பிட்டுப் போக அவர் தங்கை மகன் நிலையத்துக்கு வந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம், "வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி" என்று சொல்லி முகவரியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளை காலை அங்கேதான் போகிறேன். இப்போது முதலில் சித்திக்கு ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன், மதுரையை விடக் கிட்ட வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.